வெள்ளைக் கோட்டுக்குக் காவல்

துலிமா நியூசிலாந்தின் ஆக்லாந்தை விட்டுச் சமோவாவில் இருக்கிற சொந்த ஊருக்கு வந்து நாலு மாதமாகியும் வீட்டில் ஒருத்தரும் அவளைத் திட்டவில்லை. கேட்பதற்கு நல்லாத்தான் இருக்கும், வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும். தம்பி பெனியின் வீட்டில் எல்லாருக்கும் பாய், அவளுக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி. மீனில் நடுத்துண்டு அவளுக்கு, கோக்கோவில் முதல் கோப்பை அவளுக்கு. அவள் ஒரு பாத்திரத்தைத் தொட்டால் போதும், தம்பி மனைவி சியாலா ஓடிவந்து, "ஐயோ, நீங்க உக்காருங்க அண்ணி" என்று பிடுங்கிக்கொள்வாள். அதே சியாலா அடுத்த நிமிஷம் கூடப்பிறந்த தங்கையைத் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி வைவாள். துலிமாவுக்குப் பொறாமையாக இருக்கும். விருந்தும் மருந்தும் மூணு நாள் என்பார்கள், இவளுக்கோ விருந்து முடிந்தபாடில்லை.

கோழி வெட்டும் தொழிற்சாலையில் இருபத்திநாலு வருஷம் நின்றவள் ஏன் திடீரென்று வேலையை விட்டாள் என்று ஊரே கேட்டது. முழங்கால் வலி என்று சொல்லிவைத்தாள்.

பெனியின் மகள் லாங்கி பிரேக் டான்ஸ் ஆடுகிறவள். தலையைத் தரையில் ஊன்றி பம்பரமாகச் சுற்றுவாள். போன வருஷம் தலைநகர் ஆப்பியாவில் நடந்த போட்டியில் அவளுக்கு வரவேண்டிய கோப்பை பெற்றவளால் போயிற்று. சமோவாக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தி அழகாக ஆடினால், சொந்தக்காரர்கள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அவளைச் சுற்றிக் குதித்து, கத்தி, தரையில் புரண்டு கோமாளித்தனம் செய்வார்கள். நாங்கள் அசிங்கமாக இருக்கிறோம் பார், அப்போதுதான் அவள் அழகு தெரியும் என்று அர்த்தம். ஐயுலி என்பார்கள். எழுந்து வராதவன் சொந்தக்காரனே இல்லை. ஆனால் இந்தப் போட்டியில் தரையில் வட்டமாக ஒரு வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். வேறு யார் காலாவது கோட்டைத் தாண்டினால் ஆடுகிறவளுக்கு அந்தச் சுற்று போச்சு. மகள் தலைகீழாகச் சுற்றும்போது சியாலாவுக்குக் கோடாவது ஒன்றாவது. உள்ளே போய் உருண்டுவிட்டாள். லாங்கி ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை.

அதனால்தான் இந்த வருஷம் லாங்கி நேராக நாற்காலிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, நீங்க வெளிநாட்டுல இருந்தவங்க, வரிசையில நிக்கத் தெரிஞ்சவங்க. அம்மாவை மட்டும் பிடிச்சுக்குங்க. இந்தத் தடவை கோப்பை எனக்கு வேணும்."

நாலு மாதத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. உயிரைக் கொடுத்தாவது காவல் காப்பேன் என்று துலிமா சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் தேவாலயக் கூடத்தில் நிற்க இடமில்லை. கடைசிப் போட்டி லாங்கிக்கும், சவாயி தீவிலிருந்து வந்த தாவிதா என்ற பையனுக்கும். முதல் சுற்று லாங்கிக்கு, இரண்டாவது அவனுக்கு. மூன்றாவதை ஜெயிக்கிறவருக்குக் கோப்பை. துலிமா சியாலாவின் இடுப்புத்துணியைக் கையில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்திருந்தாள். வாயைத் திறந்தவர்களை எல்லாம் முறைத்தாள். குடும்பமே பல் டாக்டர் வாசலில் உட்கார்ந்த மாதிரி கம்மென்று இருந்தது.

தாவிதா ஆடி முடித்தான். லாங்கி உள்ளே வந்தாள். தப்பு ஒன்றும் செய்யவில்லை, கை போக வேண்டிய இடத்துக்குக் கை போயிற்று, கால் போக வேண்டிய இடத்துக்குக் கால். ஆனால் முகத்தில் உயிர் இல்லை. நடுவில் ஒரு தரம் தலையைத் திருப்பித் தன் ஆட்களைப் பார்த்தாள். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பார்வையைத் துலிமாவுக்குத் தெரியும். போன கிறிஸ்துமஸுக்குத் தொழிற்சாலை விருந்தில் உங்கள் ஊர் ஆட்டம் ஆடிக்காட்டு என்றார்கள், ஆடினாள். எல்லாரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகப் பார்த்தார்கள், முடிந்ததும் மரியாதையாகக் கை தட்டினார்கள். ஒருத்தர் எழுந்து வரவில்லை. அந்த வெறுந்தரையில் தன்னந்தனியாக நின்றபோது பட்ட வேதனையைத்தான் முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சியாலாவின் துணியை விட்டதும் எழுந்ததும் அவளுக்கே தெரியாது. கன்னத்தை உப்பி, கண்ணை மாறுகண்ணாக்கி, இரண்டு கையையும் இறக்கையாக அடித்துக்கொண்டு கொக்கொக்கென்று போனாள். இருபத்திநாலு வருஷம் கோழியோடு குடித்தனம் நடத்தியவள், சொல்லவா வேண்டும். "அண்ணி, கோடு! கோடு!" என்று சியாலா பாவாடையைப் பிடித்து இழுத்தாள். பாவாடையில் ஒரு கிழிசல் விழுந்ததுதான் மிச்சம். துலிமா கோட்டைத் தாண்டிவிட்டாள்.

நடுவர் கையைத் தூக்கினார். சுற்று போச்சு, கோப்பையும் போச்சு.

தலைகீழாக இருந்த லாங்கி கோழியைப் பார்த்தாள். பார்த்தவள் சிரித்துவிட்டாள், சிரித்தவள் நிற்கவில்லை. இதுவரை யாரும் பார்க்காத மாதிரி சுற்றினாள். இனி என்ன இருக்கிறது என்று சியாலாவும் உள்ளே விழுந்து உருண்டாள், பெனி குரங்கு மாதிரி குதித்தான், கோப்பை ஜெயித்த தாவிதாவின் சித்தப்பாவே சட்டையைக் கழற்றி வீசினார். வெள்ளைக் கோடு எங்கே இருந்தது என்று அதற்கப்புறம் யாருக்கும் தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும்தான் துலிமாவுக்கு உறைத்தது. பஸ்ஸில் அவளுக்காக விட்டுவைத்த முன்சீட்டில் உட்காராமல் கடைசியில் போய் ஒடுங்கிக்கொண்டாள். லாங்கி வியர்வையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தப்புப் பண்ணிட்டேன் கண்ணு என்று சொல்லும்போதே துலிமாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"உங்களைப் போய் நம்பினேன் பாருங்க" என்றாள் லாங்கி. கோபமாகத்தான் ஆரம்பித்தாள். "அது என்ன அத்தை, சேவலா பெட்டையா?" என்று கேட்டவள் சிரிப்பை அடக்க முடியாமல் அத்தையின் தோளிலேயே சாய்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தால் நாற்காலியைக் காணோம். சியாலா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அறிவிருக்கா உனக்கு? அத்தனை வருஷம் வெள்ளைக்காரன் ஊர்ல என்னத்தக் கத்துக்கிட்டு வந்த? போன வருஷம் நான் கெடுத்தேன், இந்த வருஷம் நீ. இந்தக் குடும்பத்துல வந்து பொறக்க அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? பேந்தப் பேந்த முழிக்காத. அந்தச் சீமைப்பலாவை எடுத்துத் தோல் சீவு."

துலிமா பாயில் உட்கார்ந்து காயை மடியில் வைத்துக்கொண்டாள். "தோலைத் தடிமனாச் சீவாத, பாதிக் காயும் குப்பைக்குத்தான் போகும்" என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது. குனிந்த தலை நிமிராமல் சீவினாள், நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். சியாலா மூச்சு வாங்கிக்கொண்டு தேங்காய் துருவத் திரும்பினாள். வீடு கொஞ்சம் அமைதியானது.

துலிமா அடுத்த தோலை நன்றாகத் தடிமனாகச் சீவினாள்.