புளிக்காத கீரை

காலைக் காப்பி முடிந்ததும் லா ஷப்பேல் பகுதிப் பொதுத் தோட்டத்தில் தம் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஓர் இலையைக் கிள்ளி மென்று பார்ப்பது சுப்ராயனின் வழக்கம். பக்கத்துப் பாத்திக்காரரும் உணவகச் சமையற்காரருமான பிருந்தாபன், புளிச்சக்கீரை என்று கொடுத்த நாற்றுகள் இடுப்பளவு வளர்ந்தும் புளிக்கவே இல்லை. மனைவி மதலேனின் பிறந்தநாளுக்குக் கீரை கடைந்து தருவதாகச் சொல்லியிருந்த சுப்ராயனுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"எவ்ளோ எரு போட்டாலும் கசக்குது தம்பி! முனிசிபல் தோட்டக்காரர்கிட்டயே காட்டிக் கேட்டுடறேன்" என்று ஒரு கிளையை ஒடித்தார்.

பிருந்தாபன் பாய்ந்து வந்து கையைப் பிடித்தார். "ஐயோ ஐயா, ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ! அது கஞ்சா. ஆசைக்கு வளர்த்தனான். உங்கடை பாத்தியிலை நிண்டா ஒருத்தரும் சந்தேகப்படாயினம் எண்டு நினைச்சன்."

"அடப்பாவி! இதையா மதலேனுக்குக் கடைஞ்சு குடுக்க இருந்தேன்?"

பிருந்தாபன் தலைகுனிந்தபடி செடிகள் அத்தனையையும் வேரோடு பிடுங்கி அழித்தார். பிறந்தநாளன்று, ஃபொபூர் சேன்-தெனி வீதித் தமிழ்க் கடைகளில் தேடிப்பிடித்த உண்மையான புளிச்சக்கீரைக் கட்டுகளோடு சுப்ராயன் வீட்டுக்கு வந்து, இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர்கள் அடுப்படியில் நின்று தாமே கடைந்து பரிமாறினார்.