நாள் முழுக்கத் தெரிகிற திரை

"இன்னும் கொஞ்சம் மேலே ஏத்துடா. போதும். ஐயோ, போதும்னா நிறுத்தணும்" என்றாள் அக்கா.

தம்பி மேசை மேல் பாதி படுத்துக்கொண்டு, அந்தப் பெரிய மானிட்டரை இரண்டு கையாலும் அணைத்து ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். தம்பி என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிடக் கூடாது. ஐம்பதைத் தொடப்போகிற ஆள், சொந்தமாக பேக்கரி நடத்துகிறவன். கடையில் அவன் ஒரு சத்தம் போட்டால் மாவு பிசைகிற மெஷினே நின்றுவிடும் என்பார்கள். அக்கா வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் மட்டும் அவன் வெறும் 'டா'.

அக்கா நாற்காலியில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தாள். இதயம் களைத்துவிட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே நிம்மதியாக இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். நிம்மதி என்று அவர் படுக்கையைத்தான் சொல்லியிருப்பார். அக்கா வீட்டுக்கு வந்த மறுநாளே, பெரிய திரைக்குக் கண்ணிலிருந்து தூரம் வேண்டும் என்று மேசையைச் சுவரோரம் தள்ளிப் போடச் சொன்னாள்.

ரயில்வேயில் கால அட்டவணை போடுவது அவள் வேலை. வண்டி எத்தனை மணிக்கு என்று ஸ்டேஷனில் நாம் பார்ப்பது வெறும் எண்கள். அதைப் போடுகிறவர்களுக்கு அது ஒரு படம். கீழிருந்து மேலாக ஸ்டேஷன்கள், இடமிருந்து வலமாக நேரம், ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்கோடு. ஒற்றைத் தண்டவாளத்தில் போகிற கோடும் வருகிற கோடும் ஸ்டேஷனில் மட்டும்தான் வெட்டிக்கொள்ளலாம். நடுவழியில் வெட்டினால் இரண்டு ரயில் நேருக்கு நேர் வருகிறது என்று அர்த்தம். ஆபீஸில் அவளுக்குக் 'கோட்டு மேடம்' என்றே பெயர்.

ஒரு பாலத்தைப் பழுதுபார்ப்பதற்காக இரண்டு தண்டவாளத்தில் ஒன்றை மூடப்போகிறார்கள். மிச்சமிருக்கும் ஒன்றில் எல்லா வண்டியையும் விட்டாக வேண்டும். அதற்கு அவளை விட்டால் ஆளில்லை என்று ஆபீஸ் கையைப் பிசைந்தபோது, "முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன்" என்று அவளே வேலையை வீட்டுக்கு வாங்கிக்கொண்டாள். எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

மடிக்கணினியின் சின்னத் திரையில் அரை நாள்கூடத் தெரியவில்லை. காலையைப் பார்த்தால் சாயங்காலம் மறைந்துவிடும். "நாள் முழுக்க ஒரே பார்வையில தெரியணும்டா. எழுத்தும் பொடிப்பொடியா மங்கக் கூடாது" என்று அவள் சொன்னதும், தம்பிக்கு உள்ளே ஒரு ஆசை எழுந்து உட்கார்ந்தது.

அவன் வாங்கிக் கொடுத்த எதையும் அக்கா வைத்துக்கொண்டதே இல்லை. கைக்கடிகாரம், காபி மெஷின், முதுகைப் பிடித்துவிடுகிற நாற்காலி எல்லாம் வந்த வழியே கடைக்குத் திரும்பிப் போயின. அவனே ராத்திரியெல்லாம் நின்று செய்த மூன்றடுக்குக் கேக்கில் கூட ஒரு துண்டை வெட்டிக்கொண்டு, "விக்கிற பொருளை வீணாக்காதே" என்று மிச்சத்தைக் கடைக்கே அனுப்பியவள். ஒரே ஒரு பொருளையாவது அவள் வைத்துக்கொள்ள வேண்டும். இருக்கிற காலம் கொஞ்சம்தான் என்று டாக்டர் சொன்னதும் அந்த ஆசை அவனுக்குப் பிடிவாதமாகவே ஆகிவிட்டது.

அவசரத்தில் அவன் வாங்கி வந்தது வளைந்த மானிட்டர். கடையிலேயே அகலமானது அதுதான். ஆளையே உள்ளே இழுத்துக்கொள்கிற மாதிரி இரண்டு ஓரமும் முன்னால் வந்து நின்றது. அக்கா தன் படத்தை அதில் திறந்தாள், தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏன்டா, என் ரயில் எல்லாம் கோணிக்கிட்டு நிக்குது?"

நேர்கோடுகள் அத்தனையும் திரையோடு சேர்ந்து வளைந்திருந்தன. கேக்குக்கு நேர்கோடு தேவையில்லை. வளைந்த திரையில் கோடும் வளையும் என்று தம்பிக்குத் தோன்றவே இல்லை.

மாற்றுவதற்கு அவளே கடைக்கு வந்தாள். இரண்டு எட்டு வைத்து நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இரண்டு எட்டு. விற்பனையாளர் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டு, கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரியும், விளையாட்டில் கார் எவ்வளவு வேகமாக ஓடும் என்று ஆரம்பித்தார். அக்கா கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினாள்.

"இதுல ஒரு படம் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் இதைப் போட்டுக் காட்டுங்க."

பளபளப்பான திரையில் பின்னாலிருந்த விளக்கு தெரிந்தது, வேண்டாம் என்றாள். இன்னொன்று பெரிதாக இருந்தும் எழுத்தின் ஓரம் பிசிறடித்தது. வேறொன்றில் எல்லாம் சரி, ஆனால் உயரத்தை மாற்ற முடியாது.

"ரெண்டு சின்னது வாங்கிப் பக்கத்துல பக்கத்துல வெச்சுக்கலாமே மேடம்?"

"நடுவுல சட்டம் வருமே. அந்தச் சட்டத்துக்குப் பின்னாடி ரெண்டு ரயில் சந்திச்சுக்கிட்டா, நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?"

விற்பனையாளர் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் அவர் காரையும் கறுப்பையும் விட்டுவிட்டு, தட்டையான, ஒளி பிரதிபலிக்காத திரைகளாக அவரே தேடி எடுத்து வர ஆரம்பித்தார். கடைசியில் ஒன்றில் விடிகாலை முதல் நள்ளிரவு வரை அத்தனை வண்டியும் கூரிய கோடுகளாக வந்து நின்றன. அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து, கையை நீட்டித் திரைக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்து, மறுபடி உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைத் தம்பி பார்த்து வெகு நாளாகியிருந்தது. சட்டென்று பில் போடச் சொன்னான்.

அந்த மானிட்டரைத்தான் இப்போது ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். உயரம் சரியானதும் அக்கா வேலையில் இறங்கினாள். அவன் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பேசினால் மூச்சு வாங்குகிறவளுக்குக் கோடு இழுக்கும்போது கை நடுங்கவில்லை. ஒரு கோட்டைத் துளி நகர்த்துவாள், அது இன்னொன்றை இடிக்கும், அதை நகர்த்துவாள், இப்படியே படத்தில் சாயங்காலம் வரை போய்ச் சரிபார்த்துவிட்டுத் திரும்பி வருவாள்.

"பாத்தியா? மத்தியான கூட்ஸ் வண்டியைக் கொஞ்சம் முன்னால விட்டா, ஆபீஸ் விட்டு வர்றவங்க வழியில நிக்க வேண்டாம். இது சின்னதுல கண்ணுலயே படல."

"திரை நல்லாருக்கா?"

"தொணதொணக்காதே."

மூன்றாம் நாள் மத்தியானம் படத்தை ஆபீஸுக்கு அனுப்பினாள். கொஞ்சம் படுக்கிறேன் என்றாள். அவன் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போனான். திரும்பி வந்தபோது வெயில் அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. தூக்கம் கெடப்போகிறதே என்று சத்தமில்லாமல் திரைச்சீலையை இழுத்துவிட்டான். அதன் பிறகுதான், போர்வை அசையவே இல்லை என்பது அவனுக்கு உறைத்தது.

மறுநாள் இறுதிச் சடங்கெல்லாம் முடிந்தது. ஆபீஸிலிருந்து வந்தவர்கள் ஓரமாக நின்றார்கள். அவளிடம் வேலை கற்ற பெண் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "திங்கட்கிழமையிலேருந்து மேடம் போட்டதுதான் ஓடப்போகுது. ஒரு கோட்டைக்கூட நாங்க தொடல" என்றாள்.

அதற்கு அடுத்த நாள் அவன் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. மானிட்டர் கடையின் வேன்காரர், தள்ளுவண்டியோடு நின்றார்.

"மானிட்டரைத் திருப்பி எடுத்துக்கச் சொல்லி மேடம் போன் பண்ணியிருந்தாங்க சார்."

"எப்போ?"

"முந்தாநாள் காலையில. நான்தான் பேசினேன். வேலை இன்னைக்கு முடிஞ்சிடும், புதன்கிழமை வாங்க, வீட்ல என் தம்பி இருப்பான்னு சொன்னாங்க."

தம்பி கதவைப் பிடித்துக்கொண்டான். முதலில் வந்தது கோபம்தான். போயும் போய், போன பிறகும் திருப்பிக் கொடுக்கிறாளே! அப்புறம் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. வேன்காரர் பதறிப்போய், "மேடம் இல்லையா சார்?" என்றார். அவன் தலையை ஆட்டினான். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"உள்ளே வாங்க. அவ சொன்னா சொன்னதுதான். எடுத்துட்டுப் போங்க."

இரண்டு பேருமாக ஒயர்களைக் கழற்றினார்கள். திரையைத் தூக்கப்போகும்போது வேன்காரர் தயங்கினார்.

"ஒரு சின்ன விஷயம் சார். குறை இருந்தாத்தான் கடையில திரும்ப எடுப்பாங்க. போன்லயும் கேட்டேன். 'திரையில ஒரு குறையும் இல்ல, பொய் சொல்ல மாட்டேன், தேவை முடிஞ்சுது'ன்னுட்டாங்க. நீங்க ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, போட்டுக்கிறேன். ஓரம் மங்குது, புள்ளி விழுந்திருக்கு, எதுன்னாலும் சரி."

"போட்டுப் பாக்கலாம்" என்றான் தம்பி.

ஒயர்களை மறுபடி செருகி மடிக்கணினியைத் திறந்ததும், அவள் விட்ட இடத்திலேயே படம் வந்தது. ஒரு முழு நாள். இரண்டு பேரும் குறை தேடிக் குனிந்தார்கள். தம்பி நாலு ஓரத்தையும் பார்த்தான், எழுத்துகளைப் பார்த்தான், ஒவ்வொரு கோடாகப் பின்தொடர்ந்து போனான்.

"என்ன சார் இது?"

"ரயிலுங்க. ஒவ்வொரு கோடும் ஒரு வண்டி."

"நான் தினமும் ஏழு மணி வண்டியில வர்றவன். அது எது?"

தம்பி தேடிக் காட்டினான்.

"இந்த இடத்துல கோடு படுத்துக்கிடக்கே?"

"உங்க வண்டி ஸ்டேஷன்ல நிக்குது. எதிர்ல வர்றது கடந்து போகணுமில்ல?"

"ரொம்ப நேரம் நிக்குமா?"

"நிக்காது. அக்கா யாரையும் காக்க வைக்க மாட்டா."

வேன்காரர் தன் வண்டி போய்ச் சேருகிற இடம் வரை பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கைபேசியை எடுத்து விரலைத் தயாராக வைத்துக்கொண்டார்.

"அப்போ, குறைன்னு என்ன சார் போட?"

தம்பி இன்னொரு முறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தான்.

"ஒண்ணுமில்லீங்க" என்றான்.

வேன்காரர் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காலித் தள்ளுவண்டியை லிப்ட் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.