எழுதியவனுக்கு ஒரே ஒரு பதில்

ஏழு மணிக்குத் தண்ணீர் லாரி வரும். ஐந்து நிமிடம் முன்னால் குடங்களோடு கீழே இறங்குவேன். பச்சை, சிவப்பு, மஞ்சள். நீலக் குடம் மாடிப்படிக்குக் கீழே கவிழ்ந்து கிடக்கிறது, அதை எடுப்பதில்லை. மூன்றையும் இரண்டு நடையில் மேலே கொண்டுபோவேன். குளிப்பேன். முனைக் கடையில் நான்கு இட்லி. வேலை நாளென்றால் சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்குப் போய், எடை மேடையில் லாரிகளுக்குச் சீட்டு அடிப்பேன். ஞாயிறென்றால் திருவொற்றியூரில் அஜீசாவின் ஜெராக்ஸ் கடை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாங்கள் நான்கு பேர் உள்ளே உட்கார்ந்து கதை படிப்போம். அஜீசா, நான், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டும் துரை, காசிமேட்டில் மீன் விற்கும் பட்டம்மாள் அக்கா. துரை, துறைமுக வாசல் வரிசையில் நிற்கும் நேரத்தில் எழுதுவான். அக்கா, ஐஸ் கரைவதற்குள் எழுதி முடித்துவிடுவதாகச் சொல்வார்.

விதி அஜீசா போட்டது. எழுதியவர் தன் கதையை வாசிக்கக் கூடாது, இன்னொருவர் வாசிப்பார். எழுதியவர் டீ வாங்கி வந்து ஊற்ற வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. எல்லாரும் பேசி முடித்தபின் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். அதற்கு ஒரே ஒரு பதில். மற்ற மூவரும் தலையாட்டினால் கதை நாங்கள் போடும் தொகுப்பில் சேரும்.

இந்த மாதக் கடைசியில் தொகுப்பு அச்சுக்குப் போகிறது. என் கதை அதில் வர வேண்டும். மதி இறந்து பதினான்கு மாதம். என் மனைவியைப் பற்றி நான் எழுதியது அது ஒன்றுதான்.

கதையில் அவள் பெயர் கீர்த்தி. மருத்துவமனைக் கட்டிலில், கணவன் கையைப் பிடித்துக்கொண்டு இறக்கிறாள். இந்த ஞாயிறு அதைத் துரை வாசித்தான். கடைசிப் பக்கம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"'அன்பே, நான் போனபின் கடலிடம் கேள். ஒவ்வோர் அலையும் என் பெயரைச் சொல்லும்.' முடிஞ்சிச்சு, மாமு."

நான் டீ ஊற்றினேன்.

"கடலாண்ட கேக்கணுமா?" என்றார் அக்கா. "முப்பது வருசமா அதும் பக்கத்துலயே குந்திகினு கீறேன். எங்கிட்ட ஒரு வார்த்த பேசுனதில்ல."

"நீ விக்கிற வெலைக்கு அது இன்னாத்த பேசும்?" என்றான் துரை.

"நீ கம்னு கெட. போன மாசம் உன் கதையில டிரைவரு நடுரோட்டுல வண்டிய நிறுத்திட்டு நெலாவப் பாத்து அழுதான். பின்னாடி கீறவன் ஹாரன் அடிக்க மாட்டானா?"

அஜீசா சிரிப்பை அடக்கிக்கொண்டு தாள்களைப் புரட்டினாள். "அண்ணா, மொத ரெண்டு பக்கம் நல்லா கீது. அந்தப் பொண்ணு ஹெல்மெட்டுல தக்காளி வாங்கிகினு வர்ற எடம் எனக்கு ரொம்பப் புடிச்சிது. அதே பொண்ணு கட்டில்ல படுத்ததும் ரேடியோவுல பேசற மாதிரி பேசுது. ஆஸ்பத்திரியில ஆள மாத்திட்டாங்களா?"

துரையின் கிளாசில் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அது ஏற்கெனவே நிறைந்திருந்தது.

"நைனா, பாத்து ஊத்து," என்றார் அக்கா. பிறகு வழிந்த டீயைத் தாளால் துடைத்துக்கொண்டே பேசினார். "பேர மாத்திட்டா எனக்குத் தெரியாதா? மதி எங்கிட்ட சங்கரா மீனு வாங்க வரும். 'மொதல்ல செவுளத் தூக்கிக் காட்டு, அப்பால கத சொல்லு'ன்னும். அப்படிப் பேசற பொண்ணு உன்ன அன்பேன்னு கூப்ட்டுச்சா?"

துரை சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். விதியில் சிரிப்புக்குத் தடை இல்லை.

"நான் தலையாட்ட மாட்டேன்," என்றார் அக்கா. "இத்தப் போட்டா அந்தப் பொண்ணு என்னிய சும்மா உடாது."

"அப்ப கேள்வி," என்றாள் அஜீசா. "யாரு கேக்கறது?"

"நானே கேக்கறேன்," என்றார் அக்கா. "மதி நெஜமா இன்னா சொல்லிச்சு?"

பதில் சொல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் கதை வராது. அவள் சொன்னது கதைக்கு ஆகாது என்று நினைத்துத்தான் கடலை எழுதினேன்.

"கட்டில்ல ஒண்ணும் சொல்லல," என்றேன். "நான் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. காலைல அவ வேலைக்குக் கெளம்பும்போது சொன்னதுதான்."

மதி மாத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஆறரைக்குக் கிளம்புவாள். அன்று பதினொரு மணிக்கு அங்கேயே விழுந்தாள். இதயம் என்றார்கள். இருபத்தொன்பது வயது.

"அதான் இன்னான்னு கேக்கறேன்," என்றார் அக்கா. இந்த முறை மெதுவாக.

அஜீசா கடைசி வரியை அடித்துவிட்டுப் பேனாவை என் பக்கம் தள்ளினாள். நான் எடுக்கவில்லை. வாயால் சொன்னேன். பையில் வண்டிச் சாவியைத் துழாவிக்கொண்டே, படியில் இறங்கியபடி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் அவள் சொன்னது:

"லாரி வந்தா நீலக் கொடத்த எடுக்காத, ஒழுகுது. ஒனக்கு எதையும் ரெண்டு தபா சொல்லணும். சாய்ந்தரம் வந்து இன்னொரு தபா சொல்றேன்."