வெள்ளாற்றை நீந்திக் கடந்தவர்

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து, "எங்க காலத்துல" என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்காத ஒரே மனிதன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. இருபது வயதுதானே ஆகிறது, உனக்கு ஏது காலம் என்று கேட்கலாம். எங்கள் கல்லூரி கேன்டீனில் பத்தொன்பது வயதுக்காரர்கள், தாங்கள் ஆறாம் வகுப்பு படித்த பொற்காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நோய் பரவிவிட்டது. எனக்கு மட்டும் வரவில்லை. தடுப்பூசி போல எனக்கு அது சிறுவயதிலிருந்தே, சிறிய அளவில், வெள்ளிக்கிழமைதோறும் செலுத்தப்பட்டிருந்தது.

செலுத்தியவர் என் அத்தா, அதாவது அப்பா, நைனா முகமது. லப்பைக்குடிக்காட்டுக்காரர். நான் பிறந்த மறுவருஷம் துபாய்க்குப் போனவர், போன வருஷம்தான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். நடுவில் இரண்டு வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. மற்ற நாளெல்லாம் அவர் ஒரு போனுக்குள் இருந்தார். ஜும்மா தொழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, ரூமில் மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் கூப்பிடுவார். படிக்கிறியா, சாப்பிட்டியா, அம்மா சொல்றதைக் கேக்குறியா. மூன்று கேள்விகளும் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் ஆரம்பிப்பார்.

"எங்க காலத்துலல்லாம் ஏதுடா போனு? வெள்ளாத்துல தண்ணி வந்தா பள்ளிக்கூடமே காலியாயிடும். லப்பைக்குடிக்காட்டுக் கரையில குதிச்சா, திட்டக்குடிக் கரையிலதான் எந்திரிப்பேன். தொண்ணூறுகள்ல வளந்திருக்கணும்டா நீ. உனக்குக் கொடுத்து வெக்கல."

இதை அவர் போனில்தான் சொன்னார்.

வெள்ளாறு போக, கணக்கு சாரின் குடைக்குள் தவளையை விட்டது, வாடகை சைக்கிளில் மூன்று பேராக அகரம்சீகூர் போகும் வழியில் விழுந்து முன்பல் உடைந்தது என்று மொத்தம் ஏழெட்டுக் கதைகள் வைத்திருந்தார். எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒருமுறை லீவில் வந்தபோது அவர் வாயை உற்றுப் பார்த்துவிட்டு, உடைந்த பல் எங்கே என்று கேட்டேன்.

"எங்க காலத்துல திரும்ப முளைக்கும்," என்றார்.

நம்பினேன்.

எனக்குப் பத்து வயதானபோது ஒரு ஐப்பசியில் வெள்ளாற்றில் தண்ணீர் வந்தது. நான் போய்க் குதித்தேன். நைனா முகமதுவின் மகன் குதிக்காமல் வேறு யார் குதிப்பது. எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர் என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை போனை என் கையில் கொடுத்து, "உங்க புள்ள செஞ்ச வேலையைக் கேளுங்க," என்றார். அத்தா கேட்டார். சிரித்தார்.

"நீச்சல் தெரியாதா? என் புள்ளையாடா நீ?"

அந்த இடத்தில் நெட்வொர்க் போய் வீடியோ காலில் படம் நின்றுவிட்டது. வாயைத் திறந்து சிரித்தபடி நான்கு நிமிடம் அப்படியே இருந்தார். நான் போனைக் கீழே வைக்கவில்லை. படம் அசைந்தால் வேறு ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அசையவில்லை.

அதற்குப் பிறகு நான் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. கிண்டல் பக்கம் போனேன். கல்லூரியில் எந்த விழாவானாலும் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு மேடையில் எழுதி வாசிப்பவன் நான். அதில் பாதி, தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களின் மேல்தான்.

அத்தா திரும்பி வந்ததும் நாங்கள் பெரம்பலூருக்குக் குடிவந்தோம். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போன் கவர், சார்ஜர், இயர்போன் விற்கும் கடை போட்டார். இயர்போன் வாங்க வரும் பையன்களிடம், பொருளைக் கொடுத்துவிட்டு, "இதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு வெளயாடப் போங்கடா," என்பார். கதைகள் இப்போது என் தங்கை மர்வாவுக்கு. அவளுக்கு ஒன்பது வயது.

போன மாதம் அத்தாவின் பத்தாம் வகுப்புக் கூட்டாளிகள், தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஆட்கள், ஒன்றுகூடுவதாக ஏற்பாடானது. ஒவ்வொருவரும் மேடையில் ஐந்து நிமிடம் பேச வேண்டும்.

"நீதான் எழுதுவியே. எனக்கு ஒண்ணு எழுதிக் கொடு," என்றார் அத்தா. "கிண்டல் இல்லாம."

எழுதினேன். நான்கு பக்கம். வெள்ளாற்றுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். கிண்டல் செய்யத்தான் உட்கார்ந்தேன். முடித்தபோது ஒரு வரி கிண்டல் இல்லை. எழுதிய எனக்கே மூச்சு வாங்கியது. நாற்பது பேர் சாட்சியாக அவர் அதை மேடையில் சொல்லிவிட்டால், பத்து வயதில் நான் தோற்றது ஒரு பெரிய வீரரிடம் என்றாவது ஆகும். எனக்கு அது போதும் என்று இருந்தது.

துறைமங்கலம் பக்கம் ஒரு மண்டபம். எல்லோரும் மயில்கழுத்து நிறத்தில் ஒரே மாதிரி டி-ஷர்ட். வாசலில் தட்டு நிறையத் தேன்மிட்டாய். நாற்பத்து மூன்று வயதுக்காரர்கள் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதை இரண்டிரண்டாக எடுத்தார்கள். நான் வீடியோ எடுக்க வந்தவன்; பேச்சின் ஒரு பிரதியும் கையில் வைத்திருந்தேன், அத்தா தடுமாறினால் எடுத்துக் கொடுக்க.

அரியலூரில் ஹாலோபிளாக் கல் போடுகிற அசோக் என்பவர் தூரத்திலிருந்தே கையை விரித்துக்கொண்டு வந்தார்.

"டேய், சட்டை நைனா. வாடா வாடா. இது யாரு, உன் மவனா?"

"ஆமா. காலேஜு," என்றார் அத்தா.

"அப்பன் மாதிரியே அமைதியா நிக்கிறானே."

அவர் சிரித்தபோது முன்பல் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெள்ளையாக, கட்டிய பல்லாக இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

தொகுத்து வழங்கிய சசிகலா டீச்சர் முதலில் அசோக்கைத்தான் கூப்பிட்டார். அவர் மைக்கைப் பிடித்துத் தவளையில் தொடங்கினார். கூட்டம் சிரித்தது. நான் என் கையிலிருந்த பிரதியைப் பார்த்தேன். இரண்டாம் பத்தி. அடுத்து வாடகை சைக்கிள், பல். மூன்றாம் பத்தி. பல்லைத் தொட்டே காட்டினார். அடுத்து வெள்ளாறு. நான் பக்கத்தைத் திருப்பினேன்.

"நாங்க நாலு பேரு நீந்தி அக்கரைக்குப் போயிடுவோம். இக்கரையில யாரு உக்காந்திருப்பான்? நம்ம நைனா. எங்க நாலு பேரு சட்டையையும் மடியில வெச்சுக்கிட்டு. அவங்க அத்தா சவுதியில. வெளிநாட்டு வூட்டுப் புள்ளைங்களைத் தண்ணியில எறங்க விடமாட்டாங்க. ஒண்ணு ஆச்சுன்னா, சேதி போயி, அவரு வந்து சேரப் பதினஞ்சு நாளாவும். நாங்களே அவனை எறங்க விடமாட்டோம். ஒரு சட்டைகூட அவன் தொலைச்சதில்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். அத்தாவும் தட்டினார்.

பிறகு அவர் முறை. மேடை ஏறினார். பையிலிருந்து என் நான்கு பக்கங்களைப் பாதி எடுத்து, திரும்ப உள்ளே வைத்தார்.

"எல்லாரையும் பாத்தது சந்தோஷம். அசோக்கு சொன்னதெல்லாம் உண்மைதான். நான் பக்கத்துலதான் இருந்தேன். பிரியாணி ஆறிடும்."

இறங்கிவிட்டார். நல்ல கைதட்டல். என் எழுத்துக்குக்கூட அவ்வளவு வந்திருக்காது.

திரும்பும்போது வண்டியை நான் ஓட்டினேன். பாதி வழியில் கேட்டேன்.

"பல்லு யாருதுத்தா?"

"பாத்தியே. அசோக்குது."

"தவளை?"

"புடிச்சது அவன். சார் வராரான்னு வாசல்ல நின்னு பாத்தது நானு."

"ஆத்தைக் கேக்கவே வேணாம்."

"வண்டியை ஓரமா நிறுத்து," என்றார்.

நிறுத்தினேன். இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"போன்ல நான் என்னத்தடா சொல்லுவேன்? காலையில அஞ்சு மணிக்கு வேன் ஏறுனேன், வேலை பாத்தேன், ரூமுக்கு வந்தேன். இதை வாராவாரம் சொல்ல முடியுமா? மூணு கேள்வி கேட்டதும் போனை அம்மாகிட்டக் கொடுத்துட்டு ஓடிடுவ. கதை சொன்னாத்தான் நின்ன. என்கிட்ட ஏது கதை? அசோக்கு கதையை எடுத்துக்கிட்டேன்."

"நான் முங்கிப் போனேன்ல. அன்னிக்காவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"என் புள்ளையாடா நீன்னு கேட்டீங்க."

அவர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்தார்.

"கேட்டேனா?"

வெள்ளாறு பொய்யாகிப் போனது எனக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. ஆறுகள் வற்றுவது வழக்கம்தான். பத்து வருஷமாக நான் சுமந்துகொண்டு திரிந்த வாக்கியம், சொன்னவருக்கு நினைவில்கூட இல்லை. நீந்தவே தெரியாத ஒருவர், நீந்தத் தெரியாததற்காக என்னைப் பார்த்துச் சிரித்தார், சிரித்ததையும் மறந்துவிட்டார். இத்தனை நாளும் நிஜத்தில் இல்லாத ஒரு சிறுவனோடு நான் போட்டி போட்டுத் தோற்றுக்கொண்டிருந்தேன்.

"அப்ப உங்களுக்கும் நீச்சல் தெரியாது."

"தெரியாது."

"அப்ப நான் உங்க புள்ளதான்."

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினார்.

வீட்டில் மர்வா கட்டிலில் கவிழ்ந்து படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தாவைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"பேசுனீங்களாத்தா? வெள்ளாறு சொன்னீங்களா? எல்லாரும் கை தட்டுனாங்களா?"

"தட்டுனாங்க," என்றார் அத்தா. அதுவும் உண்மைதான்.

"வீடியோ காட்டுண்ணே."

வீடியோ என் பையிலிருந்த போனில் இருந்தது. அசோக், தவளை, பல், மடியில் நான்கு சட்டைகள், எல்லாம். ஒரே ஒருமுறை அமுக்கினால் போதும். வரும் வழியெல்லாம் அமுக்குவதாகத்தான் இருந்தேன்.

"சார்ஜ் போயிருச்சு," என்றேன். மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மன்னிக்கவில்லை.

"அப்ப நீங்களே இப்ப சொல்லுங்கத்தா."

அத்தா குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தார். லேஸ் ஏற்கனவே அவிழ்ந்துதான் இருந்தது. நிமிரவே இல்லை.

மர்வா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கை மறுபடி போனைத் தேடிப் போனது. போகிற போக்கில் என்னைக் கேட்டாள்.

"நீயாவது சொல்லேண்ணே. என் வயசுல நீ என்ன பண்ணுன?"

அவள் வயதில் நான் வெள்ளிக்கிழமை மதியங்களில், சார்ஜர் ஒயர் எட்டும் தூரத்தில் சுவரோரமாக உட்கார்ந்து, ஒரு போன் அடிப்பதற்காகக் காத்திருந்தேன். அதைச் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அவளும் போய்விடுவாள்.

என் வகுப்பில் லியோ பிரபு என்று ஒருவன் இருக்கிறான். ஏலாக்குறிச்சிக்காரன். கொள்ளிடத்தில் தான் செய்த சாகசம் ஒன்றைக் கேன்டீனில் வாரம் ஒருமுறை சொல்வான். நான் அதை நம்பியதே இல்லை. அதை வைத்து அவனை மேடையிலேயே ஓட்டியிருக்கிறேன்.

"எங்க காலத்துல," என்றேன், "கொள்ளிடத்துல தண்ணி தொறந்துவிட்டா, வாழைமரத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் திருமழபாடியில குதிப்போம். ஏலாக்குறிச்சியிலதான் கரை ஏறுவோம்."

மர்வா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"உனக்குத்தான் நீச்சலே தெரியாதே."

"அப்ப தெரியும்," என்றேன்.