இரும்புக் குளிசையும் தேத்தண்ணியும்

இந்தக் காலத்தில் சோறு தின்பதற்கும் ஆள் வைத்துப் பாடம் எடுக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கிளினிக்கிலிருந்து மாகிரட் மிஸ் வருவார். சுவரில் படம் ஒட்டுவார். கீரை தின், நெத்தலி தின், கொய்யாப்பழம் தின் என்பார். தலையாட்டிக் கேட்ட பிள்ளைகள் இடைவேளைக்கு ரோல்ஸும் கலர் சோடாவுமாய் நிற்கும். காலையில் வீட்டில் ஒன்றும் தின்னாதுகள். உடம்பு வைத்துவிடுமாம். யார் சொன்னது? போன் சொன்னது.

என் பேத்தி ஷிஃபானாவும் அந்தக் கூட்டம்தான். வயது பதினாறு. தகப்பன் மௌத்தாகிவிட்டான், தாய், என் மூத்த மகள், கட்டாரில் வேலை. வீட்டில் மூத்தவாப்பா நானும் அவளும் மட்டும். பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்துக்கு நின்றவள் மயங்கி விழுந்தாள். இரத்தத்தில் இரும்பு குறைவு என்று கிளினிக்கில் குளிசை கொடுத்தார்கள். என் இளைய மகள் பரீதா மூதூரிலிருந்து வந்து, அடுத்த சோதனையில் இரத்தம் ஏறாவிட்டால் பிள்ளையைத் தன்னோடு கூட்டிப்போவதாகச் சொன்னாள். தாயும் போனில் ஓம் என்றுவிட்டாள். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை.

குளிசையை நானே கையில் வைத்துக் கொடுத்தேன். பிள்ளை தானாகக் குடிக்கும் என்று நம்புகிற ஆள் நானில்லை. துருப்பிடித்த ஆணியை நக்கின மாதிரி இருக்கிறது என்று முகத்தைச் சுளிப்பாள். தண்ணீரோடு கொடுத்தால் ஓங்காளிப்பாள். அதனால் இராச் சோறு முடிந்த கையோடு, தேயிலைச் சாயமும் சீனியும் கூட்டி, இஞ்சி தட்டிப்போட்டுப் பாலில்லாத பிளேன்டீ ஊற்றுவேன். குளிசை சத்தமில்லாமல் இறங்கிவிடும். அந்த நேரம்தான் அவள் போனை வைத்துவிட்டுக் குசினியில் என்னோடு இருந்து பள்ளிக்கூடக் கதையெல்லாம் கதைப்பாள்.

தேத்தண்ணியோடு குடிக்கக்கூடாது என்று மிஸ் சொன்னதாக ஒருநாள் அவளே சொன்னாள். நான் சிரித்தேன். துறைமுகத்தில் கோதுமை மா மூட்டை சுமந்த காலமெல்லாம் இந்தத் தேத்தண்ணியில்தான் நின்றேன். பேசாமல் குடி என்றேன். குடித்தாள்.

சோதனைக்குப் போனோம். இரத்தம் ஏறவில்லை. முன்னதை விடக் கொஞ்சம் இறங்கியும் இருந்தது.

கிளினிக் அறை சின்னது. மாகிரட் மிஸ்ஸின் மேசைக்கும் அலுமாரிக்கும் நடுவில் என் கதிரை. முழங்காலை நீட்ட இடமில்லை. வாசலை அடைத்துக்கொண்டு பரீதா நின்றாள்.

"குளிசைய எங்க எறிஞ்ச? ஊத்தத்தண்ணிக் கானுக்குள்ளயா?"

"நான் எறியல்ல சாச்சி."

"குடிச்சிருந்தா ரத்தம் எங்க போன? கடலுக்கா?"

ஷிஃபானா என்னைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். தேத்தண்ணியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பிள்ளைகள் குளிசையை எறிவது புதினமில்லை என்றார் மிஸ். உண்மையை ஒத்துக்கொண்டால் திரும்பவும் தொடங்கலாம், மூத்தவாப்பா பக்கத்தில் இருந்து கொடுக்கட்டும் என்றார். பரீதாவும் கொஞ்சம் இறங்கி வந்தாள். ஒத்துக்கொள்ளட்டும், இன்னொரு மாதம் பார்க்கலாம் என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பிள்ளை என்னோடு இருப்பாள். பொய்க்காரி என்ற பெயரோடு இருப்பாள். எழும்பி வெளியே போகலாம் என்றால் வாசலில் பரீதா. சன்னலுக்குக் கம்பி. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

ஷிஃபானா மெதுவாக, "ஓம் மிஸ், நான்தான் எறி..." என்று தொடங்கினாள்.

"அவ எறியல்ல," என்றேன். "ஒண்டு விடாம குடிச்சவ. நான்தான் குடுத்த. தேத்தண்ணியோட."

"வாப்பா, மிஸ் வேணாமெண்டு சொன்னது தெரியுமா உங்களுக்கு?" என்றாள் பரீதா.

"தெரியும். நம்பல்ல."

மிஸ் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன். தேத்தண்ணிச் சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளுமாம், இரத்தத்தில் சேர விடாதாம். சோற்றில் உள்ள இரும்புக்கும் அதே கதிதானாம். தின்று ஒரு மணித்தியாலமாவது போக வேண்டுமாம். குளிசைக்குத் தேசிக்காய் பிழிந்த தண்ணி நல்லதாம், அந்தப் புளிப்பு இரும்பை ஏற்றுமாம்.

"அப்ப நான் மூட்ட தூக்கினது எப்படி?" என்றேன்.

"ஐயா, உங்கட உடம்பு வேற. இது வளருற வயசு. மாசா மாசம் ரத்தம் போற வயசு. காலமையும் ஒண்டும் தின்னாம போறா. உள்ள வாறதே கொஞ்சம், அதையும் தேத்தண்ணி மறிச்சா புள்ள என்ன செய்யும்?"

அதற்கு மேல் ஆம்பிளை என்ன கேட்கிறது.

பரீதா சத்தம் போடவில்லை. பிள்ளை தன்னோடு வரட்டும், இரத்தம் ஏறினால் திரும்பி வரலாம் என்றாள். குளிசையை எறிந்தாயா என்று கேட்டதற்காக ஷிஃபானாவின் கன்னத்தைத் தடவிவிட்டாள். பொய்க்காரி என்ற பெயர் போனது, எனக்கு அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். போதவில்லை.

வெளியே வந்ததும் ஷிஃபானா என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"தேத்தண்ணியக் குடிச்சிட்டு அப்படியே கெடக்காதீங்க மூத்தவாப்பா. சோறாக்கித் தின்னுங்க."

"நீ முதல் காலச் சாப்பாட்டத் தின்."

அவர்கள் பஸ்ஸுக்குப் போனார்கள். நான் அஸீமின் தேத்தண்ணிக் கடையில் நின்றேன். கேட்காமலே பிளேன்டீயை வைத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சாயமும் சீனியும்தான். இரும்பைப் பிடிக்கிற ஒன்றையும் நான் காணவில்லை. குடித்துவிட்டு நடந்தேன்.

மூதூரில் தேசிக்காய்த் தண்ணி கொடுக்கட்டும். இரத்தம் ஏறட்டும், சந்தோசம். ஆனாலும் ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஒரு பிள்ளையை விழுத்தும் என்று யார் வந்து சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.