இறங்கி வரும்வரை

தாதி அப்பாவின் வாயை மெல்ல மூடி, தாடைக்குக் கீழே சுருட்டிய துவாயை வைத்துக்கொண்டிருந்தபோது பிரபாலினியின் கைபேசி அடித்தது. தம்பி அபிசன்.

கட்டிலின் மறுபக்கத்தில் அம்மா நிமிர்ந்தாள்.

"அவனோ? சொல்லு பிள்ளை. கொள்ளி வைக்கவேண்டியவன், உடன வரட்டும்."

பிரபாலினி ஜன்னலடிக்குப் போனாள். துன் ஏரிக்கு அப்பால் சுவிஸ் மலைகளின் வெள்ளை முகடுகள் தெரிந்தன. அவற்றுக்கு நடுவில் எங்கேயோதான் அவன் நிற்கிறான்.

சூரிச்சில் எட்டாம் மாடியில் நாள் முழுக்கக் கணினியோடு இருப்பவன் அபிசன். இந்த மலை விடுமுறையை அப்பாவின் நோயால் மூன்று தரம் தள்ளிப்போட்டிருந்தான். அவருக்கு இன்னும் மூன்று கிழமை உயிர் இருக்கும் என்று டாக்டர் சொன்னதும் அப்பாதான் அவனை விரட்டினார். ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் குசினியில் இருபத்தெட்டு வருசம் சமைத்து நின்ற மனிதர்.

"நான் கீழ நிண்டு பாத்தது காணும். நீ மேல நிண்டு நல்ல படமா எடுத்துக்கொண்டு வா."

போய் இது மூன்றாவது நாள்.

"அக்கா, இப்பதான் இறங்க வெளிக்கிடுறன். இஞ்ச நல்ல வெயில். அப்பா சாப்பிட்டவரோ?"

போன கோடையில் அவனோடு அந்த வழியால் அவளும் இறங்கியிருக்கிறாள். பாதி வழியில் வெறும் பாறை. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் வைத்து வைத்து வரவேண்டும். இன்றைக்கு அவன் தனியாள்.

"ஓம், கொஞ்சம்."

"ஒருக்கா அவரிட்டக் குடுங்கோ."

"நித்திரை, தம்பி."

"அப்ப எழுப்பாதைங்கோ. படம் அனுப்புறன், எழும்பினாப்போல காட்டுங்கோ."

"பாத்து இறங்கு. அவசரமில்லை."

"இதென்ன புதுசா?" அவன் சிரித்துக்கொண்டே வைத்தான்.

"பொய் சொல்லிப்போட்டாய்," என்றாள் அம்மா. "தேப்பன் போனது தெரியாமல் பிள்ளை மலையில படம் எடுத்துக்கொண்டு திரியிறதோ? நாளைக்கு அவன் என்னைக் கேட்டால் என்ன சொல்லுறது?"

"அந்த வழி உங்களுக்குத் தெரியாதம்மா. கால் நடுங்கினால் முடிஞ்சுது. இண்டைக்கு ஒராள் போனதே போதும்."

கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. பனி முகடுகள், ஆழத்தில் நீலமாக ஒரு சின்ன ஏரி. கீழே 'அப்பாவுக்கு' என்று எழுதியிருந்தான். அம்மா கையை நீட்டிக் கைபேசியை வாங்கினாள். சுவெட்டர் கையால் திரையைத் துடைத்தாள். பிறகு அதை அப்பாவின் மூடிய கண்களுக்கு நேரே பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, உங்கட மகன் நிக்கிற இடம்."

திரை தானாக அணையும்வரை அப்படியே பிடித்திருந்தாள்.

"நீ போ," என்றாள் மகளிடம். "அவன் கீழ வந்து தனிய நிக்கக்கூடாது."

ரயிலில், அவனுக்குச் சொல்லவேண்டிய வசனங்களைச் சேர்த்துப் பார்த்தாள் பிரபாலினி. தமிழிலும் வரவில்லை, இந்த நாட்டு டொச் மொழியிலும் வரவில்லை. பாறை வழி முடியும் இடத்திலிருந்து கேபிள் கார் வந்து நிற்கும் அடிவாரத்தில் ஒரு மர வாங்கில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தாள். ஒவ்வொரு பெட்டியும் திறக்கும்போது எழும்பினாள்.

ஒரு மணிக்கு அவன் வந்தான். வெயிலில் சிவந்த மூக்கு, நெஞ்சில் கமெரா, முழங்கால்வரை சேறு. அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அக்கா! நீங்கள் எங்க இஞ்ச..."

அப்போதுதான் அவளுடைய கால்களைப் பார்த்தான். ஆஸ்பத்திரி அறைக்குள் போடும் துணிச்செருப்போடு வந்திருந்தாள்.

"எத்தினை மணிக்கு?"

"காலமை எட்டுக்கு."

"அப்ப நான் கதைக்கேக்க..."

"ஓம்."

கத்துவான் என்று நினைத்தாள். அவன் கமெராவைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். மலையேறுபவர்கள் சப்பாத்துக் கழுவுவதற்கென்று சுவரோரம் தண்ணீர்க்குழாயும் பிரஷும் வைத்திருந்தார்கள். அங்கே போய் வலது காலைத் தூக்கி வைத்துத் தேய்க்கத் தொடங்கினான். சேறு கரைந்து ஓடியது. பிறகு இடது கால். பிறகு மறுபடியும் வலது.

அவனுக்குப் பின்னால், சின்னப் பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் முறைக்காகக் காத்து நின்றாள். பிரபாலினி அவளைப் பார்த்து, கொஞ்சம் பொறுக்கும்படி கையைக் காட்டினாள்.