நெஞ்சில் நீல விளக்கு

ஷார்ஜாவின் ஒரு மாலில், வேற்றுக்கிரக ராட்சத வீரர்களைப் பற்றிய ஜப்பானிய அனிமேஷன் குறும்படம் திரையிட்டார்கள். படம் முடிந்ததும், நெஞ்சில் நீல விளக்கு எரியும் வீரனின் ரப்பர் உடைக்குள் விஜயபாஸ்கர் மேடையேறினான். முவைலா தொழிலாளர் கேம்ப்பிலிருந்து ஒருநாள் டியூட்டிக்கு வந்தவன்.

ஐந்தே நிமிடத்தில் மூச்சு முட்டியது. முதுகிலிருந்த ஜிப் கைக்கு எட்டவில்லை. முழங்கால் மடங்கி விழுந்தான்.

"ஜிப்பக் கழட்டுங்க!" என்று அலறினான். குரல் முகமூடியைத் தாண்டவில்லை.

இந்தக் கதைகளில் வீரன் ஒருமுறை விழுவான், பிள்ளைகள் கூப்பிட்டால் எழுவான். அதனால் கூட்டம் "கெட் அப்!" என்று கைதட்டியது. அவன் தரையை அறைந்தான். கைதட்டல் கூடியது. இப்படியே செத்துவிடுவோம் என்று நினைத்தான்.

முன்வரிசையில் சிறுமி தன்யா தன் அம்மா ஜெயலட்சுமியை உலுக்கினாள். "அம்மா, நெஞ்சுல லைட் இன்னும் ப்ளூதான். ரெட்டானாதான் ஹீரோ விழுவாரு. இவருக்கு நிஜமாவே ஏதோ ஆயிடுச்சு!"

ஜெயலட்சுமி மேடைக்கு ஓடி முகமூடியில் காது வைத்தாள். உள்ளே தமிழில் யாரோ முனகுவது கேட்டது. முதுகு ஜிப்பை இழுத்துத் திறந்து முகமூடியைக் கழற்றினாள்.

வியர்வையில் நனைந்த மனிதத் தலையைக் கண்டு குழந்தைகள் வீறிட்டார்கள். "ஷோ கலாஸ், முடிஞ்சுது!" என்று மால் சூப்பர்வைசர் கூட்டத்தை விரட்டினார்.

விஜயபாஸ்கர் அவள் துப்பட்டாவை இறுகப் பற்றினான். "அக்கா, போயிடாதீங்க."

ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் அசையவில்லை.